அமெரிக்காவில் மாநிலம் தாண்டி ஓ.டி. வேலை: காம்பேக்ட் பிரிவிலேஜ் வாங்குவது எப்படி

ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டிக்கும் கென்டக்கியின் கவிங்டனுக்கும் நடுவில் ஓர் ஆறும் சில பாலங்களும்தான் இருக்கின்றன. சின்சினாட்டியில் குடியிருக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.: நோயாளிகள் அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குபவர்) அந்தப் பாலத்தைத் தாண்டி, கவிங்டனில் பக்கவாதம் வந்த ஒருவரின் வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தர வேண்டுமென்றால் கென்டக்கி மாநிலத்தின் அனுமதி கையில் இருக்க வேண்டும். ஒஹாயோ லைசென்ஸ் ஆற்றோடு முடிந்துவிடும். தேசியத் தேர்வில் தேறியது எல்லா மாநிலத்துக்கும் பொதுதான். தொழில் செய்யும் உரிமை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் தனி.

இரண்டாவது மாநிலத்தில் வழக்கமான வழியில் லைசென்ஸ் வாங்குவது எரிச்சலூட்டும் வேலை. மறுபடியும் முழு விண்ணப்பம், இதுவரை லைசென்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் சான்று, தேர்வு வாரியமான என்.பி.சி.ஓ.டி.யிலிருந்து சரிபார்ப்பு, கைரேகை, கட்டணம், பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு. இந்த அலைச்சலைக் குறைக்க வந்ததுதான் ஓ.டி. காம்பேக்ட் எனப்படும் மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கமும் என்.பி.சி.ஓ.டி.யும் சேர்ந்து இதை முன்னெடுத்தன. 2021-ல் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் இயற்றத் தொடங்கின. குறைந்தது 10 மாநிலங்கள் சேர்ந்தால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும் என்பது நிபந்தனை. 2022-ல் அது நிறைவேறியது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன.

ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். இது "ஒரே லைசென்ஸ், எல்லா மாநிலமும்" அல்ல. அப்படி இருப்பது நர்ஸுகளின் ஒப்பந்தம். அங்கே ஒரே பன்மாநில லைசென்ஸ் உறுப்பு மாநிலங்கள் அனைத்திலும் செல்லும். ஓ.டி. ஒப்பந்தம் பிசியோதெரபிஸ்டுகளின் ஒப்பந்தத்தைப் போன்றது. எந்த மாநிலத்தில் வேலை செய்யப் போகிறீர்களோ அந்த மாநிலத்துக்கென்று தனியாக ஒரு "பிரிவிலேஜ்", அதாவது அங்கே தொழில் செய்யும் அனுமதி, வாங்க வேண்டும். மூன்று மாநிலம் என்றால் மூன்று பிரிவிலேஜ், மூன்று கட்டணம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரே ஒரு வெளி மாநிலத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யப் போகிறவருக்கு வழக்கமான லைசென்ஸே போதுமானதாகக்கூட இருக்கலாம். எல்லையோர ஊர்க்காரர்கள், ஊர் ஊராகப் போகும் டிராவல் தெரபிஸ்டுகள், வீடியோ வழியாகச் சிகிச்சை தருகிறவர்கள் ஆகியோருக்குத்தான் பிரிவிலேஜ் நிஜமாகவே கைகொடுக்கிறது.

முதல் படி: உங்கள் ஹோம் ஸ்டேட் எது?

மொத்த ஏற்பாடும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. பெரும்பாலான சிக்கல்களும் இங்கேதான் பிறக்கின்றன.

ஹோம் ஸ்டேட் என்பது நீங்கள் வேலை செய்யும் மாநிலமோ, முதன்முதலில் லைசென்ஸ் வாங்கிய மாநிலமோ அல்ல. சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாநிலம். அந்த மாநிலம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த மாநிலத்தின் லைசென்ஸும் உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பிரிவிலேஜ் கிடைக்காது.

ஓர் உதாரணம். வர்ஜீனியா, மேரிலாந்து இரண்டும் ஒப்பந்தத்தில் உள்ளவை. வர்ஜீனியாவில் வீடு, மேரிலாந்தில் வேலை, கையில் மேரிலாந்து லைசென்ஸ் மட்டும் என்றிருப்பவர் "இரண்டுமே உறுப்பு மாநிலங்கள்தானே" என்று விண்ணப்பித்தால் நடக்காது. அவருக்கு மேரிலாந்து லைசென்ஸ் அந்த மாநிலத்துக்கு மட்டுமான லைசென்ஸ். வர்ஜீனியா லைசென்ஸை வழக்கமான வழியில் வாங்கிய பிறகுதான் அவர் ஒப்பந்தத்துக்குள்ளேயே வர முடியும்.

கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்கள் வெகுகாலம் வெளியிலேயே நின்றன. ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள மாநிலத்தில் குடியிருப்பவர், பத்து உறுப்பு மாநிலங்களின் லைசென்ஸை வைத்திருந்தாலும் பிரிவிலேஜ் கேட்க முடியாது.

குடியிருப்பைக் காட்ட ஒப்பந்தமே சில ஆவணங்களைச் சொல்கிறது: ஓட்டுநர் உரிமம், மத்திய வருமான வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம், வீட்டுப் பத்திரம் அல்லது வீட்டுக்கடன் ஆவணம், வாக்காளர் பதிவு. எல்லாம் ஒரே மாநிலத்தைக் காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம் பழைய மாநிலத்தில், வாடகை ஒப்பந்தம் புதிய மாநிலத்தில் என்று பாதி வழியில் நிற்பவர்களின் விண்ணப்பம்தான் கேள்விகளில் சிக்கும். அந்தப் பட்டியலின் கடைசி ஆவணம் குடிமக்களுக்கு மட்டும். எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் "ஆவணம் ஒன்று கூடுதலாக இருக்கட்டுமே" என்று வாக்காளராகப் பதிந்துகொண்டால் குடியேற்ற வாழ்க்கையே கவிழ்ந்துவிடும்.

இரண்டாம் படி: அந்த மாநிலம் பிரிவிலேஜ் கொடுக்கத் தொடங்கிவிட்டதா?

ஒப்பந்தத்தின் இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் வண்ணம் பூசப்பட்ட மாநிலங்களைப் பார்த்துவிட்டு வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டம் இயற்றுவது ஒன்று, பிரிவிலேஜ் வழங்குவது வேறொன்று. நடுவில் மாநிலம் செய்ய வேண்டிய வேலை நிறைய: விதிகளை எழுதுதல், கட்டணத்தை முடிவு செய்தல், லைசென்ஸ் விவரங்களைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுதல், எஃப்.பி.ஐ. கைரேகைச் சோதனைக்கு அதிகாரம் பெறுதல். கடைசி வேலைதான் பல இடங்களில் இழுத்தடிக்கிறது. மத்திய அரசின் 92-544 எண் சட்டத்தின்படி எஃப்.பி.ஐ.யின் குற்றப் பின்னணி விவரத்தை, அதற்கென்று சட்டம் வைத்திருக்கும் மாநில அமைப்புதான் பெறலாம். பெற்றதை வேறு மாநிலத்துக்கோ, ஒப்பந்தத்தை நடத்தும் ஒப்பந்த ஆணையத்துக்கோ அனுப்பக் கூடாது. மாநிலச் சட்டத்தின் வாசகம் எஃப்.பி.ஐ.க்குத் திருப்தி தராவிட்டால் சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டிவரும்.

ஆகவே இரண்டு மாநிலங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் ஹோம் ஸ்டேட் தரவுகளை ஏற்றிவிட்டதா? போகப்போகிற மாநிலம் பிரிவிலேஜ் வழங்குகிறதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால்தான் அடுத்த படி. இல்லையென்றால் தயங்காமல் வழக்கமான லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். ஒப்பந்தம் அந்த வழியை மூடவில்லை. எத்தனை மாநிலங்களின் தனி லைசென்ஸ் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

மூன்றாம் படி: தகுதியைச் சரிபார்த்தல்

ஹோம் ஸ்டேட் லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். எந்த மாநில லைசென்ஸிலும் தடை, கண்காணிப்பு, நிபந்தனை எதுவும் இருக்கக் கூடாது. முன்பு எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கை வந்திருந்தால், அபராதம் கட்டி, சொன்ன நிபந்தனையெல்லாம் முடித்து, முடித்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டும். தொடர்கல்வி மணிநேரத்தில் குறை வைத்து, மாநில லைசென்ஸ் வாரியத்தோடு சமரசக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் "அது சின்ன விஷயம்" என்று மறந்துவிடுகிறார்கள். அதுவும் அந்த வாரியத்தின் பதிவேட்டில் ஒழுங்கு நடவடிக்கையாக ஏறியிருக்கலாம். உங்கள் பெயரை வாரியத்தின் பொதுத் தேடல் பக்கத்தில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது என்.பி.ஐ. எனப்படும் 10 இலக்கச் சேவையாளர் எண், இரண்டில் ஒன்று தேவை. என்.பி.ஐ. இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது இடைத்தரகர்.

கைரேகை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செலவு உங்களுடையது. நாளெல்லாம் கை கழுவி, சானிடைசர் பூசுகிறவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து, படம் தெளிவில்லை என்று திரும்பி வருவது சகஜம். ரேகை எடுக்கப் போவதற்குச் சில நாள் முன்பிருந்தே இரவில் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எடுக்கும் அன்று காலையில் மட்டும் எதுவும் தடவாதீர்கள், வழுக்கும். மை தடவும் அட்டையைவிட ஸ்கேனரில் எடுப்பது நல்லது, அங்கேயே தெளிவைப் பார்த்து மறுபடி எடுத்துவிடலாம். தெளிவின்மையால் இரண்டு முறை திரும்பினால், பெயரை வைத்துத் தேடும் சோதனைக்கு வாரியம் வழியாகக் கோரலாம். நீங்களாகக் கேட்காவிட்டால் கோப்பு அப்படியே கிடக்கும்.

பெயர்: தமிழர்களுக்கே உரிய தலைவலி

ஒப்பந்தத்தின் விண்ணப்பத் தளம் காம்பேக்ட்கனெக்ட். மாநிலம் ஏற்றிய லைசென்ஸ் விவரத்தோடு நீங்கள் தட்டச்சு செய்யும் விவரம் பொருந்தினால்தான் உள்ளே நுழைய முடியும்.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலையெழுத்து உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." என்று வந்துவிடும். "முதற்பெயர் தெரியாது" என்பதன் சுருக்கம் அது. பிறகு ஒவ்வோர் அலுவலகமும் தன் போக்கில் எழுதும். ஒன்றில் அந்த மூன்றெழுத்தே உங்கள் முதற்பெயராகிவிடும், இன்னொன்றில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகும், மூன்றாவதில் கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் ஒட்டிக்கொள்ளும். விண்ணப்பிக்கும் முன்பே சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், என்.பி.சி.ஓ.டி. கணக்கு, மாநில லைசென்ஸ், என்.பி.ஐ. பதிவு ஐந்தையும் மேசைமேல் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால், முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் சரிசெய்து, அந்த ஆதாரத்தைக் காட்டி மற்றவற்றை மாற்றுவதே குறைவான அலைச்சல்.

நான்காம் படி: விண்ணப்பம், சட்டத் தேர்வு, கட்டணம்

தளத்தில் பதிவு செய்து உள்ளே போனதும் உங்கள் ஹோம் ஸ்டேட் லைசென்ஸ் விவரம் திரையில் தெரியும். அதிலுள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். பிரிவிலேஜ் அந்தத் தேதி வரைதான் செல்லும், நீங்கள் எப்போது வாங்கினாலும். லைசென்ஸ் காலாவதியாக இரண்டு மாதம் இருக்கும்போது பிரிவிலேஜ் வாங்கினால், கட்டிய பணத்துக்கு இரண்டு மாதம்தான் கிடைக்கும். முதலில் லைசென்ஸைப் புதுப்பியுங்கள், புதுத் தேதி தளத்தில் ஏறட்டும், பிறகு வாங்குங்கள்.

சில மாநிலங்கள் தங்கள் ஓ.டி. சட்டத்தைப் பற்றி ஒரு தேர்வு எழுதச் சொல்லும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். அங்கே கேட்கப்படுவதுதான் பின்னால் உங்கள் தலையில் விடியும் விஷயம். கட்டணம் இரண்டு பகுதி: ஒப்பந்த ஆணையத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. மாநிலப் பங்கு இடத்துக்கு இடம் மாறும்.

பிரிவிலேஜ் எண் கைக்கு வந்து, சரிபார்ப்புப் பக்கத்தில் "நடப்பில் உள்ளது" என்று தெரியும்வரை ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காதீர்கள். "விண்ணப்பித்தாயிற்று, வந்துவிடும்" என்று மேலாளர் சொல்லலாம். லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்ததாக வழக்கு வந்தால் பதிவது உங்கள் பெயரில்.

வேலை தொடங்கியபின் எது மாறும்

எங்கே நோயாளி இருக்கிறாரோ அந்த ஊர்ச் சட்டம்தான். வீடியோ சிகிச்சையிலும் இதே கணக்கு: நீங்கள் வட கரோலினாவில் உட்கார்ந்திருக்க, குழந்தை ஜார்ஜியாவில் இருந்தால், ஜார்ஜியாவின் பிரிவிலேஜும் ஜார்ஜியாவின் விதிகளும் வேண்டும். அந்தக் குடும்பம் விடுமுறைக்கு வேறு மாநிலம் போய் அங்கிருந்து இணைந்தால், அன்றைக்கு அந்த மாநிலத்தின் அனுமதி தேவை. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டுக் குறிப்பில் எழுதிவிடும் பழக்கம் நல்லது.

தொழிலின் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் போன்ற கருவிச் சிகிச்சைகளை நெப்ராஸ்காவிலும் ஜார்ஜியாவிலும் தனிச் சான்று பெற்றவர்தான் செய்யலாம். உங்கள் ஊரில் தினமும் செய்கிற வேலை அங்கே விதிமீறலாகிவிடும். மருத்துவரின் பரிந்துரை வேண்டுமா, மறுமதிப்பீடு எத்தனை நாளுக்கு ஒருமுறை, உதவியாளர் எத்தனை பேரை ஒருவர் மேற்பார்வையிடலாம் என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி. உதவியாளர்களும் பிரிவிலேஜ் வாங்கலாம். ஆனால் அவர்களை மேற்பார்வையிடும் தெரபிஸ்டும் அதே வெளி மாநிலத்தின் லைசென்ஸோ பிரிவிலேஜோ வைத்திருக்க வேண்டும். வீட்டுச் சிகிச்சை நிறுவனங்கள் சறுக்கும் இடம் இது. உதவியாளரிடம் கென்டக்கி பிரிவிலேஜ் இருக்கும், மேற்பார்வையாளரிடம் ஒஹாயோ லைசென்ஸ் மட்டும் இருக்கும். அந்த வருகைகள் அத்தனையும் மேற்பார்வை இல்லாத வருகைகளாகிவிடும், பில்லும் நிற்காது.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவில், ஒப்பந்தம் வழியாக வந்த அனுமதியை முழு லைசென்ஸாகவே ஏற்பதாக அதை நடத்தும் மத்திய அமைப்பு 2020-லேயே சொல்லிவிட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்டு அப்படியில்லை; ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாகப் பதிய வேண்டும். தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் படிவத்தில் "லைசென்ஸ் எண்" என்ற பெட்டி மட்டும் இருக்கும். அதில் பிரிவிலேஜ் எண்ணைப் போட்டு, சரிபார்ப்புப் பக்கத்தின் நகலை இணையுங்கள். என்.பி.ஐ. பதிவில் விவரம் மாறினால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு புதிய மாநிலத்துக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் வேலை என்றால், சில மாநிலங்களில் கல்வித் துறையின் சான்றும் தேவை. அதை ஒப்பந்தம் தராது.

ஒழுங்கு நடவடிக்கை விஷயத்தில் ஒப்பந்தம் கருணை காட்டுவதில்லை. ஹோம் ஸ்டேட் லைசென்ஸில் தடை விழுந்தால் எல்லா மாநிலப் பிரிவிலேஜும் ஒரே நாளில் போகும். தடை நீங்கி 2 ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். ஒப்பந்தத்தில் இல்லாத மாநிலம் உங்கள்மேல் நடவடிக்கை எடுத்தால், 30 நாளுக்குள் ஆணையத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும்.

விசாவில் இருப்பவர்கள்

பிரிவிலேஜ் தொழில் செய்ய அனுமதி. நாட்டில் வேலை செய்ய அனுமதி அல்ல. எச்-1பி உங்களை ஒரு நிறுவனத்தோடும் ஒரு பணியிடத்தோடும் கட்டிப்போட்டிருக்கிறது. எச்-1பி பணியிட மாற்றம் பற்றிய 2015-ன் சிமியோ தீர்ப்புக்குப் பிறகு, பணியிடம் அதே பெருநகர வட்டாரத்துக்கு வெளியே மாறினால் திருத்திய மனு போட வேண்டும். சின்சினாட்டியும் கவிங்டனும் ஒரே வட்டாரம் என்பதால் அங்கே சிக்கல் குறைவு. ஒஹாயோவிலிருந்து கொலராடோவுக்கு என்றால், போவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசியாக வேண்டும். வார இறுதியில் இன்னொரு நிறுவனத்துக்குச் சில்லறை வேலை பார்ப்பதற்கு அந்த நிறுவனமும் தனி மனு போட்டிருக்க வேண்டும். கையில் பிரிவிலேஜ் இருப்பது இதில் எதையும் மாற்றாது.

வேலூரிலோ சென்னையிலோ படித்துவிட்டு இப்போதுதான் அமெரிக்கா வரப் பார்ப்பவர்களுக்கு இந்த ஒப்பந்தம் எந்தக் குறுக்கு வழியையும் திறக்கவில்லை. என்.பி.சி.ஓ.டி.யின் தகுதி மதிப்பீடு, தேர்வில் 450 மதிப்பெண், விசாவுக்கான சான்று, முதல் மாநில லைசென்ஸ் என்ற வரிசை அப்படியேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 2007 முதல் இந்தத் தொழிலுக்கு நுழைவுப் படிப்பே முதுநிலைதான் என்பதால், பி.ஓ.டி. எனும் இளநிலைப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மதிப்பீட்டிலேயே நிற்க வேண்டிவருகிறது. ஒரு யோசனை மட்டும்: முதல் லைசென்ஸை எந்த மாநிலத்தில் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், குடியிருக்கப் போகிற ஊர் எந்த மாநிலம், அந்த மாநிலம் ஒப்பந்தத்தில் உள்ளதா என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வீடு மாறினால்

ஓர் உறுப்பு மாநிலத்திலிருந்து இன்னோர் உறுப்பு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் ஹோம் ஸ்டேட்டையும் மாற்ற வேண்டும். இரண்டு ஹோம் ஸ்டேட் ஒரே நேரத்தில் கிடையாது. புதிய மாநிலத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பழைய மாநிலத்துக்கும் தெரிவித்தால், தேவையான கைரேகைச் சோதனையும் சட்டத் தேர்வும் முடிந்ததும் புதிய லைசென்ஸ் வரும். பட்டச் சான்று, தேர்வுச் சான்று எல்லாவற்றையும் முதலிலிருந்து திரட்ட வேண்டியதில்லை. தரவுத்தளத்தில் இருப்பதே போதும். புதியது நடப்புக்கு வந்ததும் பழைய லைசென்ஸ் பிரிவிலேஜாக மாறிவிடும். அதுவரை பழையதை ரத்து செய்யவோ காலாவதியாக விடவோ கூடாது. ஒப்பந்தத்தில் இல்லாத மாநிலத்துக்கு மாறினால் ஹோம் ஸ்டேட்டே இல்லாமல் போகும், பிரிவிலேஜ்களும் கூடவே போகும். ஆகவே லாரி ஏற்றுவதற்கு முன்பே தேவைப்படும் மாநிலங்களின் தனி லைசென்ஸுக்கு விண்ணப்பித்து வையுங்கள்.

ராணுவத்தில் பணியாற்றுகிறவர்களுக்கும் அவர்களின் வாழ்க்கைத் துணைக்கும் இதில் விலக்கு உண்டு. லைசென்ஸ் நல்ல நிலையில் உள்ள ஒரு மாநிலத்தை ஹோம் ஸ்டேட்டாகக் குறித்துவிட்டால், பணிக்காலம் முழுவதும் எங்கே மாற்றலானாலும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

டிராவல் தெரபிஸ்டுகள் 13 வாரம் ஓர் ஊரில் தங்குவதால் மட்டும் குடியிருப்பு மாறிவிடாது. ஆனால் அங்கே ஓட்டுநர் உரிமத்தை மாற்றி, ஊர் வீட்டைக் காலி செய்து, வரிப் படிவத்திலும் புது முகவரி போட்டால் மாறிவிட்டது என்றுதான் பொருள். ஒரு பணியிடம் முடிந்து அடுத்ததற்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்த மூன்று ஆவணங்களிலும் எந்த மாநிலம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.